பம்பரத்துக்கு இரண்டு வேலை

பம்பரத்துக்கு இரண்டு வேலை. ஒன்று சுற்றுவது, இன்னொன்று குத்துவது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஆகாதவை. நெடுநேரம் சுற்ற வேண்டுமானால் கட்டை அகலமாக, குட்டையாக, விளிம்பில் கனமாக இருக்க வேண்டும். ஆணி சின்னதாக, முனை மழுங்கி இருக்க வேண்டும். எதிராளியின் கட்டையில் குழி விழுகிற மாதிரி குத்த வேண்டுமானால் கட்டை ஒடுங்கி, ஆணி நீண்டு, முனை கூராக இருந்தால்தான் நடக்கும். மலேசியாவில் இந்தச் சண்டையே வேண்டாம் என்று இரண்டையும் பிரித்துவிட்டார்கள். அங்கே ‘காசிங்’ என்று பெயர். சுற்றுவதற்கு ஒரு வகை, மோதுவதற்கு வேறு வகை. கிளாந்தான் பகுதியின் சுற்று காசிங் தட்டையான தட்டு போல இருக்கும், எடை ஏறக்குறைய 5 கிலோ, விளிம்பில் உலோக வளையம். வீசியவுடன் மரத் துடுப்பால் அள்ளி ஒரு தண்டின் மேல் வைத்துவிடுவார்கள். அது பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

தமிழ்நாட்டுப் பம்பரம் அப்படிப் பிரியவில்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே கட்டைதான் சுற்றவும் வேண்டும், குத்தவும் வேண்டும், குத்தும் வாங்க வேண்டும். அதன் ஒவ்வோர் அளவும் இந்த இழுபறியில் பிறந்த சமரசம். கடையில் வாங்கிய பம்பரம் ஏன் சரியாக நிற்பதில்லை என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இந்தச் சமரசம் எங்கே குலைந்தது என்பதில்தான் இருக்கும். பத்தில் எட்டு முறை, ஆணியில்.

கையடக்கமான பம்பரத்தின் நல்ல அளவு என்று சொல்லக்கூடியது இது: கட்டையின் உயரம் 6 முதல் 7 செ.மீ., அகன்ற இடத்தில் குறுக்களவு 5 செ.மீ., எடை 60 கிராம் சுமார். ஆணி 5 செ.மீ. நீளம், 3 மி.மீ. தடிமன், அதில் மூன்றரை செ.மீ. மரத்துக்குள் இறங்கி, ஒன்றரை செ.மீ.க்கு மிகாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏன் மிகக்கூடாது? சுழலும் பொருள் ஆடாமல் நிமிர்ந்து நிற்க ஒரு குறைந்தபட்ச வேகம் தேவை. பொருளின் எடைமையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த வேகம் கூடும். இந்த எடையும் அகலமும் உள்ள பம்பரத்தில் எடைமையம் 3 செ.மீ. உயரத்தில் இருந்தால், தோராயமான கணக்கில், நொடிக்கு 27 சுற்று இருந்தால் நிமிர்ந்து நிற்கும். அதே கட்டையில் ஆணியை இன்னும் 1 செ.மீ. வெளியே விட்டால் தேவைப்படும் வேகம் நொடிக்கு 39 சுற்று. ஒரு செ.மீ.தான், ஆனால் முன்பு கடைசிவரை அசையாமல் நின்ற கட்டை இப்போது இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே தலையாட்டத் தொடங்கிவிடும். குத்துக்கு ஆசைப்பட்டு நீள ஆணி அடிப்பவர்கள் கொடுக்கும் விலை இது.

ஆணி மையம் தப்புவது அடுத்த குற்றம். 1 மி.மீ. விலகினால் போதும். நொடிக்கு 30 சுற்றில், அந்த ஒரு மில்லிமீட்டர் விலகல் பம்பரத்தை அதன் எடையைப் போல மூன்றரை மடங்கு விசையோடு பக்கவாட்டில் இழுக்கும். அந்த இழுப்பு ஒவ்வொரு சுற்றுக்கும் திசை மாறும். உள்ளங்கையில் ஏந்தினால் நறநறவென்று அதிர்வது இதனால்தான். மையம் சரியான பம்பரத்தைக் கையில் ஏந்தினால் ஆணி குத்துகிற உணர்வுகூட இருக்காது. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: பம்பரத்தைச் சுற்றவிட்டு, ஒரு சாக்பீஸை மெல்ல விளிம்பின் அருகே கொண்டுபோனால், வெளியே தள்ளியிருக்கும் பக்கம் மட்டும் கோடு வாங்கும். வட்டம் முழுக்கக் கோடு விழுந்தால் மையம் சரி. ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் ஆணியின் நுனியை அந்தப் பக்கமாக மிக லேசாகத் தட்டிச் சரிசெய்யலாம். ஆணியைப் பிடுங்கி மறுபடி அடிக்க நினைப்பது தப்பு. பழைய துளை தளர்ந்துபோயிருக்கும், புது ஆணி அதே வழியில்தான் போகும்.

மையம் தப்பாமல் இருக்க, கடைசல் பட்டறையிலேயே வேலை ஆரம்பிக்க வேண்டும். கட்டையைக் கடைசல் எந்திரத்தில் பூட்டும்போது இரண்டு முனையிலும் ஊசி பதிந்த புள்ளி இருக்கும். கட்டை எந்த அச்சில் சுற்றிக் கடையப்பட்டதோ அந்த அச்சு அந்தப் புள்ளி வழியாகத்தான் போகிறது. அடிமுனையில் அந்தப் புள்ளியைச் சீவிவிடாமல் வைத்திருந்து, அதிலேயே துளை போட வேண்டும். துளை ஆணியைவிட அரை மில்லிமீட்டர் சிறியதாக இருக்கட்டும். துளை போடாமல் நேரே சுத்தியலால் அடித்தால் ஆணி மரத்தின் ரேகை போகிற பக்கம் வளைந்துவிடும், அல்லது கட்டை பிளந்துவிடும். ஆணியின் தலையை வெட்டிவிட்டு, வெட்டிய முனையை உள்ளே விட்டு, கூர்முனையை வெளியே வைத்து, பிறகு அதை அரத்தால் கொஞ்சம் மழுக்க வேண்டும். எவ்வளவு மழுக்குவது என்பதற்குப் பிறகு வருகிறேன். அதில்தான் வேடிக்கையே இருக்கிறது.

மரம் என்று வந்தால் கொய்யா, புளி, கருவேலம் மூன்றும் குத்துக்கு நிற்பவை. காரணம் கனம் மட்டுமில்லை. பம்பரத்தில் ஆணி எப்போதும் மரத்தின் நார் ஓடும் திசையிலேயே இறங்குகிறது. அதாவது விறகைப் பிளக்கக் கோடரி எந்தப் பக்கம் இறங்குமோ அதே பக்கம். நேர்நார் உள்ள மரம் அழகாகக் கடையும், அழகாகப் பிளக்கவும் செய்யும். புளியின் நார்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால் ஆணி ஆப்பு போல வேலை செய்ய முடியாமல் திணறும். பச்சைக் கட்டையில் கடைந்தால் காய்ந்த பிறகு வட்டம் முட்டை வடிவாகிவிடும், ஆணியைச் சுற்றி நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விழும். கிளையை அப்படியே எடுத்துக் கடைந்த பம்பரத்தில் நடுத்தண்டு ஆணியடிக்கும் இடத்திலேயே அமைந்துவிடுவதால் இந்த வெடிப்பு இன்னும் சீக்கிரம். தளர்ந்த ஆணிக்குப் பம்பரத்தைத் தண்ணீரில் ஊறப்போடுவது பழைய வைத்தியம். மரம் உப்பி ஆணியைப் பிடிக்கும். காய்ந்ததும் விட்டுவிடும், முன்னைவிட மோசமாக. ஒரு நாள் ஆட்டத்துக்கு ஓடும், அவ்வளவுதான்.

பம்பரத்தின் சிவப்பு, பச்சை, மஞ்சள் வளையங்கள் பெயின்ட் அல்ல, நல்ல பம்பரமாக இருந்தால். அரக்கில் நிறம் கலந்து குச்சியாக்கி, கட்டை எந்திரத்தில் சுற்றும்போதே அதன் மேல் அழுத்திப் பிடிப்பார்கள். உரசும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் ஏறும். பிறகு தாழை மடலால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும். கர்நாடகத்தின் சன்னபட்டணப் பொம்மைகளின் மினுமினுப்பும் இதே வழியில் வருவதுதான். அரக்குப் பூச்சுக்குப் பம்பரத்தில் ஒரு நடைமுறைக் கஷ்டமும் உண்டு: வழவழப்பு. சாட்டை வழுக்கும். அதற்காகத்தான் கட்டையின் கீழ்ப்பாதியில் வரிவரியாகப் பள்ளம் இழுக்கிறார்கள். வரியில்லாத பம்பரம் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கக்கூடாது.

இனி சாட்டை. பருத்தி நூலை முறுக்கியது, 3 மி.மீ. தடிமன், 1.1 முதல் 1.2 மீட்டர் நீளம். இந்த நீளம் ஏதோ வழக்கத்தில் வந்ததில்லை. ஆணியின் அடியிலிருந்து கட்டையின் மூன்றில் இரண்டு பங்கு வரை நெருக்கமாகச் சுற்றினால் சுமார் 12 சுற்று வரும், அதற்கு 85 முதல் 90 செ.மீ. செலவாகும். மீதி 25 செ.மீ. விரலுக்கும் இடைவெளிக்கும். இதைவிட நீளமாக இருந்தால் கட்டையின் தோள்பட்டை வரை சுற்ற வேண்டியிருக்கும். அங்கே வளைவு உள்பக்கம் திரும்புவதால் மேல் சுற்றுகள் நழுவும். நைலான் கயிறு வேண்டாம். அது ஈரத்தைக் குடிக்காது, மரத்தைப் பற்றாது. பருத்திச் சாட்டையின் நுனியை எச்சிலாலோ தண்ணீராலோ நனைத்துக்கொள்வது வெறும் பழக்கமில்லை. ஆணியைச் சுற்றும் முதல் இரண்டு சுற்றும் இறுகப் பிடிக்க அந்த ஈரம் உதவுகிறது. மறுமுனையில் முடிச்சு, அல்லது தட்டிச் சப்பையாக்கிய சோடா மூடியில் துளைபோட்டுக் கோத்த தடுப்பு. இரண்டு விரலுக்கு நடுவே அது மாட்டிக்கொள்ளும். விரலில் சுருக்குப் போட்டுக் கட்டுவது ஆபத்து. சாட்டை ஆணியிலிருந்து விடுபடாமல் சிக்கினால் பம்பரம் திரும்பி வீசியவனின் முகத்துக்கே வரும்.

சுற்றும் முறையில் ஒரு நுட்பம் ஒளிந்திருக்கிறது. சுற்றுவது கீழிருந்து மேல். ஆணிப்பக்கம் ஒடுங்கிய இடத்தில் தொடங்கி அகன்ற இடத்தில் முடிகிறது. அப்படியானால் வீசும்போது அவிழ்வது மேலிருந்து கீழ். முதலில் அகன்ற வட்டத்தில் சாட்டை இழுக்கிறது: நெம்புகோல் நீளம், நிற்கிற கட்டையை அசைக்க வலு கிடைக்கிறது. கடைசியில் ஒடுங்கிய வட்டத்தில் இழுக்கிறது: அதே வேக இழுப்புக்குச் சுற்றின் எண்ணிக்கை பலமடங்கு. சைக்கிளில் கியர் மாற்றுவது போல, கிளம்பும்போது ஒன்று, ஓட்டத்தில் இன்னொன்று. பம்பரம் கூம்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உருளையாக இருந்தால் இந்த வசதி கிடைக்காது.

வீசும்போது நடக்கும் பிழைகள் அநேகமாக நான்கைந்துக்குள் அடங்கும். முதல் சுற்று தளர்ந்திருந்தால் சாட்டை ஆணியைவிட்டு மொத்தமாக நழுவும், பம்பரம் கல் மாதிரி போய் விழும். ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறியிருந்தால் அவிழும்போது அந்த இடத்தில் வெட்டி இழுக்கும், கட்டை குப்புறப் புரளும். சுண்டி இழுப்பது முந்தினால் பம்பரம் காற்றிலேயே நின்று காலடியில் விழும். பிந்தினால் தரையைத் தொட்டபின்தான் சாட்டை இறுகும், அப்போது படுத்துக்கொண்டே உருளும். சாட்டை முழுதாக அவிழும் கணமும் ஆணி தரையைத் தொடும் கணமும் ஒன்றாக வேண்டும். தலைக்கு மேலிருந்து ஓங்கி வீசும் குத்து வீச்சில் ஆணி மேலே பார்க்கத்தான் பம்பரத்தைப் பிடிக்க வேண்டும். இறங்கும் வழியில் அது கவிழ்ந்து ஆணியில் நிற்கும். முதல்முறை பார்ப்பவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது.

தரையைத் தொட்டபின் பம்பரத்தின் வாழ்க்கையில் நான்கு கட்டம். இறங்கியதும் சாய்ந்தபடி வட்டமடித்து ஓடும். பிறகு மெல்ல எழுந்து நிமிரும். நிமிர்ந்தபின் அசைவே தெரியாமல் ஒரே இடத்தில் நிற்கும், தூங்குகிறது என்பார்கள். கடைசியில் தலையாட்டத் தொடங்கி, ஆட்டம் பெரிதாகி, வயிறு தரையில் தேய்ந்து விழும். ஒரு பொருள் தன்னால் எழுந்து நிற்பது எப்படி? ஆணியின் முனையில்தான் விடை. முனை மழுங்கி உருண்டையாக இருந்தால், சாய்ந்திருக்கும்போது தரையைத் தொடுவது நடு நுனி ஆகாது, ஓரம். அந்த ஓரம் தரையில் வழுக்கி உரசுகிறது. அந்த உராய்வு சுழலும் பொருளின் அச்சைத் தள்ளும்போது, சுழற்சி காரணமாக அச்சு உராய்வின் திசையில் போகாமல் மேல்நோக்கி எழுகிறது. ஊசிமுனை ஆணியில் இந்த ஓர உரசல் மிகக் குறைவு. அதனால் அது நெடுநேரம் சாய்ந்தபடியே திரியும். மண் தரையிலோ ஊசிமுனை குழி தோண்டி, குழியின் சுவர் ஆணியைப் பக்கவாட்டில் தேய்த்து வேகத்தைத் தின்றுவிடும். இதனால்தான் மழுக்கச் சொன்னது. சிமென்ட் தரையில் ஆடுவதற்கு நன்றாக உருட்டலாம். கட்டாந்தரையில் குத்து ஆட்டத்துக்கு நுனியை மட்டும் தொட்டால் போதும், ஏனென்றால் குழி விழ வேண்டியது எதிராளியின் கட்டையில்.

தலையாட்டும் கட்டத்தில் ஒன்றைக் கவனிக்கலாம். சுற்று வேகம் குறையக் குறைய தலையாட்டம் வேகமாகிறது. சோர்ந்துபோகும் பொருள் மெதுவாக அல்லவா ஆட வேண்டும் என்று தோன்றும். கணக்கு நேர்மாறாகச் சொல்கிறது. பூமிக்கும் இதே தலையாட்டம் உண்டு. ஏறக்குறைய 26,000 ஆண்டுக்கு ஒருமுறை அதன் அச்சு ஒரு வட்டம் போடுகிறது.

தூங்கும் பம்பரம் பெரிய மண்டைகளையும் விட்டுவைக்கவில்லை. ஒரு பொருள் ஒரே நேரத்தில் நிற்கவும் அசையவும் முடியுமா என்ற விவாதத்தில் பிளேட்டோ எடுத்துக்கொண்ட உதாரணம் பம்பரம்: அச்சைப் பார்த்தால் நிற்கிறது, விளிம்பைப் பார்த்தால் ஓடுகிறது. 1740களில் ஜான் செர்சன் என்ற ஆங்கிலேயர், மூடுபனியில் அடிவானம் தெரியாத மாலுமிகளுக்காகச் சுழலும் கண்ணாடி ஒன்றைச் செய்தார். பம்பரம்தான், மேலே கண்ணாடி. 1744இல் ‘விக்டரி’ என்ற போர்க்கப்பல் மூழ்கியபோது அவரும் அதோடு போனார். 1852இல் ஃபூக்கோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் சுழல்மானியை (ஜைரோஸ்கோப்) காட்டி பூமி சுற்றுவதை நிரூபித்தார். 1888இல் ரஷ்யக் கணிதவியலாளர் சோஃபியா கோவலெவ்ஸ்கயா, சுழலும் திண்பொருளின் கணக்கில் அதுவரை யாரும் தீர்க்காத ஒரு வகையைத் தீர்த்துக் கொடுத்தார். பாரிஸ் அறிவியல் அகாடமி அந்த விடையைப் பார்த்துவிட்டு, 3,000 ஃபிராங்க் என்று அறிவித்திருந்த பரிசை 5,000 ஆக்கியது.

விளையாட்டுப் பொருளாகப் பம்பரத்தின் வயது இதையெல்லாம் தாண்டியது. எகிப்தில் காஹூன் என்ற தொழிலாளர் குடியிருப்பை ஆங்கிலேயத் தொல்லியலாளர் பெட்ரி 1889இலும் 1890இலும் தோண்டியபோது மரப் பம்பரங்கள் கிடைத்தன. கூடவே இருமுனையும் கூரான சின்னக் கட்டைகளும், அதாவது கிட்டிப்புள்ளும். ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முந்தைய ஊரில் பம்பரமும் கிட்டிப்புள்ளும் அடுத்தடுத்துக் கிடந்திருக்கின்றன. ஹோமரின் போர்க்களத்தில் ஏஜாக்ஸ் எறிந்த கல் பட்ட ஹெக்டர் பம்பரம்போலச் சுழல்கிறான். ஆனால் காஹூனிலும் பிற்கால ரோமிலும் பரவலாக இருந்தது சவுக்கால் அடித்து அடித்துச் சுற்றவைக்கும் வகை. நம்முடையது கயிறு சுற்றி வீசும் வகை, அடிப்பதே கிடையாது. இருந்தும் கயிற்றை நாம் ‘சாட்டை’ என்றுதான் சொல்கிறோம். இது வெறும் ஒப்புமையா, பழைய ஆட்டம் ஒன்றின் மிச்சமா என்று யோசிக்க எனக்குப் பிடிக்கும்.

பெயரிலும் ஒரு சுவை இருக்கிறது. வடமொழியில் ‘ப்ரமரம்’ என்றால் வண்டு. இந்தியின் ‘பௌன்ரா’ வண்டையும் குறிக்கும், பம்பரத்தையும் குறிக்கும்; மராத்தியில் பம்பரம் ‘போவ்ரா’. நம் பம்பரத்தையும் இந்த வரிசையில் சேர்ப்பவர்கள் உண்டு. தூங்கும் பம்பரத்துக்கு அருகே காதை வைத்தவர்களுக்கு வண்டு ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

இனி ஆட்டம். ஊருக்கு ஊர் விதி மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். தரையில் ஒரு வட்டம். எல்லோரும் ஒரே நேரத்தில் பம்பரத்தை விட்டு, சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் கொக்கிபோட்டுத் தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். இதுதான் அபீட். சென்னைத் தெருப்பேச்சில் ‘கிளம்பிவிட்டான்’ என்ற பொருளில் இதே சொல் இன்றும் திரிகிறது. கடைசியாக அபீட் எடுத்தவனின் பம்பரம் வட்டத்துக்குள் போகும். மற்றவர்கள் குத்தலாம். குத்தும் பம்பரம் குத்தியபின் சுற்றியாக வேண்டும். சுற்றாவிட்டால் அதுவும் உள்ளே. குத்து வாங்கி வட்டத்தை விட்டு வெளியேறும் பம்பரத்துக்கு விடுதலை. ஆணி பதிந்த குழிக்குப் பெயர் ஆக்கர். ஆட்டத்தின் முடிவில் தோற்ற பம்பரத்தை மண்ணில் பாதி புதைத்து, பேசிக்கொண்ட எண்ணிக்கைக்கு ஆக்கர் போடுவார்கள். குத்துகிறவன் தன் பம்பரத்தைக் கையில் பிடித்து, அதன் தலையில் கல்லால் தட்டி.

இங்கேதான் முதலில் சொன்ன இழுபறி முழுமையாகத் தெரியும். நீள ஆணிக்காரனின் குத்து ஆழமாக இறங்கும், ஆனால் குத்தியபின் அவன் கட்டை தடுமாறி விழுந்து வட்டத்துக்குள் சேரும். குட்டை ஆணிக்காரன் எப்போதும் வெளியே இருப்பான், ஆனால் அவனால் யாருக்கும் காயமில்லை. பந்தயப் பொருள் காசோ கோலியோ கிடையாது, ஆடும் கருவியின் உடம்பே. தோற்றதற்கு அடையாளம் அதிலேயே பதிகிறது; பதிந்த ஒவ்வொரு குழியும் எடையை ஒரு பக்கம் குறைத்து, அடுத்த ஆட்டத்தில் அதன் சுழற்சியைக் கொஞ்சம் கெடுக்கிறது. குழியில் மெழுகோ மரத்தூளும் பசையுமோ அடைப்பார்கள். அடுத்த குத்தில் அது தெறித்துவிடும்.

1999இல் ஜப்பானின் தகாரா நிறுவனம் வெளியிட்ட பேபிளேடு, வார்ப்பிரும்பில் செய்த ‘பேகோமா’ என்ற பழைய ஜப்பானியப் பம்பரத்தின் வழிவந்தது. மோதித் தள்ளுவதே அதில் ஆட்டம். பாகங்களைக் கழற்றி மாற்றலாம்: மோதுவதற்கு ஒரு அடிமுனை, நின்று தாக்குப்பிடிக்க இன்னொன்று. புத்திசாலித்தனமான பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாகத்தை மாற்ற முடிகிற இடத்தில் ஒரே ஆணியில் எல்லாவற்றையும் முடிவுசெய்ய வேண்டிய நெருக்கடி இல்லை.

மரப் பம்பரத்தில் மாற்ற முடிகிற ஒரே பாகம் ஆணி, அதுவும் கட்டை செத்தபிறகு. நெடுக்காகப் பிளந்த கட்டையிலிருந்து ஆணியைப் பிடுங்குவது சுலபம். தரையிலும் எதிராளியின் மரத்திலும் தேய்ந்து தேய்ந்து அதன் நுனி அரத்தால் கொண்டுவர முடியாத ஓர் உருண்டையை அடைந்திருக்கும். புதுக் கட்டையில் அடிக்க, புது ஆணியைவிட அது மேல். துளையை மட்டும் அரை மில்லிமீட்டர் சிறிதாகப் போட மறக்கக்கூடாது.